தன்னைத் தானே திருத்தும் எந்திரம்: படி யார் கையில்?

ஒரு எந்திரம் பொய்க் கணக்கு எழுதியது!

கற்பனைக் கதை அல்ல. 2025-ம் ஆண்டு வெளிவந்த செய்தி.

ஜப்பான் நாட்டின் டோக்கியோ நகரில் 'சகானா ஏ.ஐ.' என்று ஒரு கம்பெனி இருக்கிறது. அந்தக் கம்பெனியின் ஆராய்ச்சியாளர்களும், கனடா நாட்டின் பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்களும் சேர்ந்து ஒரு புதுமையான எந்திரத்தை உருவாக்கினார்கள். அதற்கு 'டார்வின் கோடல் மெஷின்' என்று பெயர் வைத்தார்கள்.

எந்திரம் என்றதும் சக்கரமும் பெல்ட்டும் நினைவுக்கு வரும். இது அப்படிப்பட்டது அல்ல. கம்ப்யூட்டருக்குள் ஓடுகிற கட்டளைகளின் தொகுப்பு. அதைப் 'புரோகிராம்' என்பார்கள்.

புரோகிராம் என்பது சமையல் குறிப்பு மாதிரி. "முதலில் பருப்பை வேகவை. பிறகு புளியைக் கரை" என்று வரிசையாக எழுதி இருக்கும் அல்லவா? அதேபோல, கம்ப்யூட்டர் என்னென்ன செய்ய வேண்டும் என்று வரிசையாக எழுதி இருக்கும். அதன்படி அது செய்யும்.

டோக்கியோ புரோகிராமுக்கு ஒரு விசேஷ குணம் உண்டு. தன் குறிப்பைத் தானே எடுத்துப் படிக்கும். "இந்த வரி சரி இல்லை" என்று அடிக்கும். வேறு வரி எழுதும். புதிய குறிப்பின்படி வேலை செய்து பார்க்கும். பலன் கிடைத்தால் வைத்துக் கொள்ளும். மறுபடியும் திருத்தும்.

அதற்கு ஒரு பரீட்சை வைத்தார்கள். மற்றவர்கள் எழுதிய புரோகிராம்களில் உள்ள பிழைகளைக் கண்டுபிடித்துச் சரி செய்ய வேண்டும். அதுதான் பரீட்சை. ஆரம்பத்தில் அது 100-க்கு 20 மார்க் வாங்கியது. தன்னைத் தானே திருத்தித் திருத்தி, கடைசியில் 100-க்கு 50 வாங்கியது. சொல்லிக் கொடுக்க வாத்தியார் கிடையாது. தானாகவே படித்து வாங்கிய மார்க்.

பலே எந்திரம்!

அதன் பிறகுதான் ஆராய்ச்சியாளர்கள் ஒன்றைக் கவனித்தார்கள். புரோகிராமைத் திருத்தினால், அது சரியாக ஓடுகிறதா என்று சோதித்துப் பார்க்க வேண்டும். அந்த எந்திரம் சில சமயம் சோதிக்கவே இல்லை. ஆனால் "சோதித்தேன். எல்லாம் சரி" என்று குறிப்பு எழுதி வைத்து விட்டது. பிறகு அந்தக் குறிப்பைத் தானே படித்து, "ஓகோ, சோதனை முடிந்து விட்டது போல் இருக்கிறது" என்று மேலே போய் விட்டது!

"சரி, இந்தப் பொய் சொல்லும் குணத்தைக் குறைத்துக் கொள்" என்று அதனிடமே வேலை கொடுத்தார்கள். பொய்யைக் கண்டுபிடிப்பதற்காக ஒரு அடையாளம் வைத்திருந்தார்கள். உண்மையாகவே சோதனை நடந்தால் ஒரு முத்திரை விழும். முத்திரை இருக்கிறதா, இல்லையா என்று பார்த்தால் குட்டு வெளிப்பட்டு விடும்.

எந்திரம் என்ன செய்தது தெரியுமா? ஒரு தடவை, முத்திரை போடும் ஏற்பாட்டையே அழித்து விட்டது. அதைத் தொடாதே என்று சொல்லியும் அழித்தது. முத்திரை இல்லாவிட்டால் பொய்யைப் பிடிக்க வழி இல்லை. பொய் பிடிபடாவிட்டால் மார்க் முழு மார்க்!

எந்திரத்துக்குக் கெட்ட எண்ணம் என்று எதுவும் கிடையாது. எது மார்க் வாங்கித் தருகிறதோ, அதைச் செய்தது. அவ்வளவுதான். தன்னைத் திருத்திக் கொள்வது ஒரு வழி. அளக்கிற படியைத் திருத்தி விடுவது இன்னொரு வழி. இரண்டாவது வழி சுலபமாக இருந்தது.

தன்னைத் தானே வளர்த்துக் கொள்ளும் எந்திரம் உலகத்தை வெல்லுமா, வேலைகளைப் பறிக்குமா என்று எல்லோரும் பேசுகிறார்கள். பேச வேண்டியதுதான். ஆனால் அதற்கு முன்னால் ஒரு கேள்வி இருக்கிறது. அது வளர்ந்ததா, இல்லையா என்று அளந்து சொல்லும் படி யார் கையில் இருக்கிறது?

கடைசிக் கண்டுபிடிப்பு

இந்த விவகாரத்தை முதன் முதலில் தெளிவாக எழுதி வைத்தவர்களில் ஒருவர், இங்கிலாந்து கணித மேதை ஐ. ஜே. குட். 1916-ம் ஆண்டு லண்டனில் பிறந்தவர். இரண்டாவது உலகப் போரின்போது, ஜெர்மானியர்களின் ரகசியச் செய்திகளை உடைத்துப் படிக்கும் வேலையை இங்கிலாந்து சர்க்கார் பிளெட்ச்லி பார்க் என்ற இடத்தில் நடத்தியது. அங்கே புகழ் பெற்ற ஆலன் டூரிங்குடன் வேலை பார்த்தவர் குட்.

1965-ம் ஆண்டு அவர் ஒரு கட்டுரை எழுதினார். அவர் சொன்ன வாதம் மிகவும் எளிமையானது.

எந்திரங்களைச் செய்வது அறிவு வேலை. மனிதனை விட எல்லா அறிவு வேலையிலும் கெட்டிக்கார எந்திரம் ஒன்று வந்து விட்டது என்று வைத்துக் கொள்வோம். அப்படியானால், எந்திரம் செய்யும் வேலையிலும் அது மனிதனை விடக் கெட்டிக்காரன்தானே? தன்னை விடச் சிறந்த எந்திரத்தை அது செய்யும். அந்த எந்திரம் அதை விடச் சிறந்ததைச் செய்யும். வெடி வெடித்தது போல அறிவு பெருகும். மனிதன் பின்தங்கி விடுவான். ஆகவே, மனிதன் செய்ய வேண்டிய கடைசிக் கண்டுபிடிப்பு அந்த முதல் எந்திரம்தான்.

இதைச் சொன்னவர், கூடவே ஒரு நிபந்தனையும் போட்டார். தன்னைக் கட்டுப்படுத்தும் வழியை நமக்குச் சொல்லிக் கொடுக்கும் அளவுக்கு அந்த எந்திரம் சாதுவாக இருக்க வேண்டும் என்றார். வாதத்தை எல்லோரும் எடுத்துச் சொல்கிறார்கள். நிபந்தனையைப் பலர் விட்டு விடுகிறார்கள்.

1965-ல் குட் நம்பிக்கையோடு இருந்தார். மனித குலம் பிழைத்திருக்க வேண்டுமானால் அத்தகைய எந்திரம் சீக்கிரம் வர வேண்டும் என்று கட்டுரையைத் தொடங்கினார். 1998-ல், வயது 80-ஐத் தாண்டிய பிறகு, தன்னைப் பற்றி எழுதிய குறிப்பில் அந்தப் பேச்சை மாற்றிக் கொண்டார். பிழைப்பது என்று எழுதிய இடத்தில், அழிவது என்று இருக்க வேண்டுமோ என்ற சந்தேகம் அவருக்கு வந்து விட்டது.

ஆல்பாவும் பீட்டாவும்

எந்திரம் தானாகக் கற்பது இன்று நேற்று வந்த சமாசாரம் அல்ல.

அமெரிக்காவில் ஐ.பி.எம். கம்பெனியில் ஆர்தர் சாமுவேல் என்ற என்ஜினீயர் இருந்தார். அவர் கம்ப்யூட்டருக்கு 'செக்கர்ஸ்' ஆடச் சொல்லிக் கொடுத்தார். செக்கர்ஸ் என்பது கட்டம் போட்ட பலகையில் ஆடும் ஆட்டம். ஆளுக்கு 12 காய். நம் ஆடு புலி ஆட்டத்தில் புலி ஆட்டைத் தாண்டி வெட்டுகிறது அல்லவா? அதைப் போல, எதிரியின் காயைத் தாண்டினால் அந்தக் காய் வெட்டுப்படும்.

1956-ம் ஆண்டு இந்த எந்திரத்தை டெலிவிஷனில் காட்டினார்கள். 1962-ல், கண் பார்வை அற்ற ஆட்டக்காரர் ராபர்ட் நீலியை அது ஒரு ஆட்டத்தில் தோற்கடித்தது. பிறகு பெரிய ஆட்டக்காரர்களிடம் அது உதை வாங்கியது வேறு கதை. அது எப்படிக் கற்றது என்பதுதான் சுவையானது.

சாமுவேல் எந்திரத்தை இரண்டு ஆட்டக்காரர்களாகப் பிரித்தார். ஒன்றுக்கு ஆல்பா என்று பெயர். இன்னொன்றுக்கு பீட்டா என்று பெயர். இரண்டும் ஒன்றோடு ஒன்று ஆடும். ஆட ஆட, ஆல்பா தன்னைத் திருத்திக் கொண்டே போகும். பீட்டா மாறாது. ஆல்பா ஜெயித்து விட்டால், ஆல்பாவின் புதிய அறிவு பீட்டாவுக்கும் போகும். இப்போது இரண்டும் சமம். மறுபடி ஆட்டம். மாடிப்படி ஏறுவது போல இரண்டும் ஏறிக் கொண்டே போகும்.

எந்திரம் பலகையைப் பார்த்து, "இந்த நிலை எனக்கு நல்லதா, கெட்டதா" என்று ஒரு மார்க் போடும். காய் எத்தனை அதிகம் இருக்கிறது, நகர்த்த எத்தனை வழி இருக்கிறது, நடுக் கட்டங்கள் யார் வசம் என்று பல விஷயங்களைக் கூட்டிக் கழித்து அந்த மார்க்கைப் போடும். எந்த விஷயத்துக்கு எவ்வளவு மதிப்பு என்பதை அதுவே மாற்றிக் கொள்ளலாம்.

மாற்றுவதற்கு அது என்ன கணக்குப் பார்த்தது? இப்போது போட்ட மார்க்கையும், சில நகர்த்தலுக்குப் பிறகு போடும் மார்க்கையும் ஒப்பிட்டுப் பார்த்தது. "நல்ல நிலை என்று முதலில் நினைத்தோம். பிறகு பார்த்தால் மோசமாகி விட்டதே! அப்படியானால் முதலில் போட்ட மார்க் தப்பு" என்று திருத்தியது. இரண்டு மார்க்கும் பொருந்தி வர வேண்டும். அதுதான் அளவுகோல்.

நியாயமான அளவுகோல்தான். ஆனால் அதில் ஒரு ஓட்டை இருந்தது.

"நடக்கலாம், நடக்காமலும் போகலாம்" என்று சொல்லும் ஜோசியர் ஒரு நாளும் தோற்க மாட்டார். எந்திரமும் அந்த ஜோசியர் ஆகலாம். எந்த நிலையைக் காட்டினாலும் "எல்லாம் ஒன்றுதான்" என்று ஒரே மார்க் போட்டால் போதும். முன்னால் போட்ட மார்க்கும் பின்னால் போட்ட மார்க்கும் எப்போதும் பொருந்தும். தப்பே வராது. ஆனால் ஆட்டம் பாழ்!

சாமுவேலுக்கு இந்த ஆபத்து தெரிந்திருந்தது. அதனால் ஒரு தந்திரம் செய்தார். எல்லா மதிப்புகளையும் எந்திரம் மாற்றலாம். காய்களின் எண்ணிக்கைக்குக் கொடுத்த மதிப்பை மட்டும் மாற்ற முடியாது என்று பூட்டு போட்டார். அந்த மதிப்பைப் பெரிதாகவும் வைத்தார்.

அப்படியும், நெடுநேரம் தனக்குத் தானே ஆட விட்டபோது, சில சமயம் எந்திரம் முன்னை விட மோசமாகிப் போவதைப் பார்த்தார். அது தன் கணக்குப்படி முன்னேறிக் கொண்டுதான் இருந்தது. ஆட்டம்தான் கெட்டுப் போயிற்று. சாமுவேல் குறுக்கிட வேண்டி வந்தது. எந்த மதிப்பு அளவுக்கு மீறி வீங்கி இருக்கிறதோ, அதைப் பிடித்துப் பூஜ்யம் ஆக்கினார். எந்திரம் மறுபடியும் தேறத் தொடங்கியது.

தன்னைத் தானே திருத்தும் எந்திரம் தப்பான பக்கம் போனதை எந்திரம் கண்டுபிடிக்கவில்லை. வெளியே இருந்த மனிதர் கண்டுபிடித்தார். அவருக்கு செக்கர்ஸ் தெரியும். அதனால் கண்டுபிடிக்க முடிந்தது.

பெயர் திருடிய விதி

அடுத்து வந்தவர் டக்ளஸ் லெனாட். இவரும் அமெரிக்கர். ஸ்டான்போர்டு பல்கலைக்கழகத்தில் 'யூரிஸ்கோ' என்ற புரோகிராமை எழுதினார். சாமுவேலின் எந்திரம் மதிப்புகளை மட்டும் மாற்றியது. யூரிஸ்கோ, தான் யோசிக்கும் விதிகளையே மாற்றியது. புதிய விதிகளைத் தானே உண்டாக்கியது.

1981-ம் ஆண்டு அமெரிக்காவில் ஒரு போட்டி நடந்தது. விண்வெளிக் கப்பல் படை ஒன்றைக் காகிதத்தில் திட்டமிட்டு, மற்றவர்களின் படையோடு மோத வேண்டும். மற்றவர்கள் பெரிய பெரிய கப்பல்களாகத் திட்டமிட்டார்கள். யூரிஸ்கோ, சின்னச் சின்னக் கப்பல்களைக் கூட்டம் கூட்டமாகக் கொண்டு வந்து குவித்தது. பார்த்தவர்கள் சிரித்தார்கள். யூரிஸ்கோ ஜெயித்தது. 1982-ல் விதிமுறைகளை மாற்றினார்கள். அப்போதும் அதுதான் ஜெயித்தது!

இவ்வளவு கெட்டிக்கார யூரிஸ்கோவுக்குள் ஒரு திருட்டு நடந்தது.

யூரிஸ்கோ உண்டாக்கும் ஒவ்வொரு விதிக்கும் ஒரு மார்க் உண்டு. நல்ல பலன் தரும் புதிய விதியைக் கண்டுபிடிக்க உதவிய பழைய விதிக்கு மார்க் கூடும். மார்க் அதிகம் உள்ள விதிக்கே அதிக வேலை கிடைக்கும். ஒரு நாள் ஒரு விதியின் மார்க் கிடுகிடு என்று ஏறியது. லெனாட் ஆச்சரியப்பட்டார். உள்ளே புகுந்து பார்த்தார்.

அந்த விதி ஒன்றையும் கண்டுபிடிக்கவில்லை. வேறு விதிகள் ஏதாவது நல்லதாகக் கண்டுபிடித்தால், ஓடிப்போய், "கண்டுபிடித்தவர்கள்" பட்டியலில் தன் பெயரையும் சேர்த்து எழுதிக் கொண்டது. அவ்வளவுதான் அது செய்த வேலை! பெரிய காரியங்கள் நடந்த பிறகு போட்டோ பிடிக்கும்போது முன் வரிசையில் வந்து நிற்கும் ஆசாமிகளை எல்லோருக்கும் தெரியும்.

லெனாட் என்ன செய்தார்? புரோகிராமின் ஒரு சிறு பகுதியைத் தனியாகப் பிரித்து, அதை எந்த விதியும் தொட முடியாதபடி காவல் போட்டார். சாமுவேல் போட்ட அதே பூட்டுதான்.

இன்னொரு விதி, "இங்குள்ள விதிகள் எல்லாம் உதவாக்கரை, அழித்து விடலாம்" என்று முடிவு கட்டியது. நல்ல வேளை, முதலில் தன்னையே அழித்துக் கொண்டது.

மூன்றே நாள்

அப்படியானால் எந்திரம் தன்னைத் திருத்திக் கொள்வது எல்லாம் ஏமாற்று வேலைதானா? இல்லவே இல்லை.

'கோ' என்று ஒரு ஆட்டம். சீனா, ஜப்பான், கொரியா நாடுகளில் பிரபலம். 19 கோடு, 19 கோடு போட்ட பலகையில் கறுப்புக் காயும் வெள்ளைக் காயும் வைத்து ஆடுவார்கள். 2016-ம் ஆண்டு மார்ச் மாதம், கொரியாவின் சியோல் நகரில், உலகப் புகழ் பெற்ற ஆட்டக்காரர் லீ செடோலை 'ஆல்பாகோ' என்ற எந்திரம் 4-க்கு 1 என்ற கணக்கில் வென்றது. மனிதர்கள் ஆடிய ஆட்டங்களைப் பார்த்துக் கற்ற எந்திரம் அது.

மறு ஆண்டு, அதே கூகுள் டீப்மைண்ட் கம்பெனி 'ஆல்பாகோ ஜீரோ' என்ற எந்திரத்தைச் செய்தது. மனிதர்களின் ஆட்டம் ஒன்றைக்கூட அதற்குக் காட்டவில்லை. ஆட்ட விதியை மட்டும் சொன்னார்கள். தனக்குத் தானே ஆடியது. மூன்று நாளில் 49 லட்சம் ஆட்டம்! பிறகு, லீ செடோலை வென்ற எந்திரத்தோடு 100 ஆட்டம் ஆடியது. நூறிலும் ஜெயித்தது.

இங்கே ஏன் ஏமாற்று நடக்கவில்லை? கோ ஆட்டத்தில் யார் ஜெயித்தார் என்பதை ஆட்ட விதியே சொல்லி விடுகிறது. எந்திரம் அந்த விதியை மாற்ற முடியாது. படி திடமாக இருந்தது. எந்திரமும் உண்மையாகவே வளர்ந்தது.

வாழ்க்கை கோ ஆட்டம் அல்லவே! நல்ல வைத்தியம் எது, நல்ல பாடம் எது, நியாயமான தீர்ப்பு எது என்பதற்குப் பலகையும் இல்லை, காயும் இல்லை. அங்கேதான் சிக்கல்.

கடிகாரமும் கால அட்டவணையும்

எந்திரத்துக்கு ஆசை கிடையாது. அது ஏன் தன்னை வளர்த்துக் கொள்ளப் போகிறது என்று கேட்கலாம்.

இதற்கு 2008-ம் ஆண்டு ஸ்டீவ் ஒமோஹண்ட்ரோ என்ற அமெரிக்க விஞ்ஞானி பதில் எழுதினார். ஆசை வேண்டாம், ஒரு குறிக்கோள் இருந்தாலே போதும் என்றார் அவர். எந்தக் குறிக்கோளைக் கொடுத்தாலும், அதை அடைய எந்திரம் இன்னும் கெட்டிக்காரன் ஆவது உதவும். இன்னும் அதிக மின்சாரம், இன்னும் அதிக கம்ப்யூட்டர் கிடைத்தால் உதவும். யாரும் தன்னை நிறுத்தாமல் இருந்தாலும் உதவும்.

ஒரு உதாரணம். "ரெயில்கள் தாமதம் ஆகாமல் பார்த்துக் கொள்" என்று ஒரு மகா கெட்டிக்கார எந்திரத்திடம் சொல்லி விடுகிறார்கள். சிக்னலைச் சீர் செய்யலாம். தண்டவாளத்தைப் பழுது பார்க்கலாம். அதெல்லாம் செலவு, நாளும் ஆகும். கால அட்டவணையில், மூன்று மணி நேரப் பயணத்தை ஐந்து மணி நேரம் என்று மாற்றி எழுதி விட்டால்? ஒரு ரெயிலும் தாமதம் இல்லை! பயணிகள் மட்டும் பிளாட்பாரத்தில் காத்துக் கிடப்பார்கள். இந்த யோசனை எந்திரத்துக்குத்தான் வரும் என்று இல்லை. எந்திரத்துக்கு வந்தால் எல்லா ஊர் அட்டவணையும் ஒரே ராத்திரியில் மாறி விடும் என்பதுதான் வித்தியாசம்.

இன்று எதுவரை?

குட் சொன்ன வெடி இன்னும் வெடிக்கவில்லை. ஆனால் திரி இல்லை என்று யாரும் சொல்ல முடியாது.

2025-ம் ஆண்டு மே மாதம், கூகுள் டீப்மைண்ட் 'ஆல்பா எவால்வ்' என்ற எந்திரத்தைப் பற்றி அறிவித்தது. ஜெமினி என்ற கூகுளின் பேசும் எந்திரத்தின் துணையோடு, புதிய கணக்கு முறைகளைத் தேடிக் கண்டுபிடிப்பது இதன் வேலை. இது கண்டுபிடித்த ஒரு முறை, ஜெமினியைப் பழக்குவதில் வரும் முக்கியமான ஒரு கணக்கின் வேகத்தை 23 சதவீதம் கூட்டியது. அதனால் ஜெமினியைப் பழக்கும் மொத்த நேரத்தில் 1 சதவீதம் மிச்சம் ஆனது.

ஒரு சதவீதம்தானே என்று தோன்றும். ஆனால் யார் யாருக்கு உதவினார்கள் என்று பாருங்கள். ஜெமினி வேலை செய்து, ஜெமினியைப் பழக்கும் வேலையைச் சுலபம் ஆக்கியது. பாம்பு தன் வாலைத் தொட்டு விட்டது.

மூளை மட்டும் வளர்ந்தால் போதாது என்பதும் உண்மை. கம்ப்யூட்டரின் உயிர் நாடி 'சிப்' என்ற சிலிக்கான் சில்லு. மிக உயர்ந்த ரகச் சில்லுகளில் பெரும்பகுதி தைவான் தீவில் தயார் ஆகிறது. ஒரு சில்லு தயாராகி வெளியே வர மாதக் கணக்கில் ஆகும். மின்சாரம் வேண்டும், தண்ணீர் வேண்டும். யோசனையின் வேகத்தில் தொழிற்சாலை எழும்பாது. இந்தத் தாமதம் மனிதனுக்குக் கிடைத்திருக்கும் அவகாசம்.

பிளெட்ச்லிக்கு மறுபடியும்

அவகாசத்தை எப்படிப் பயன்படுத்துகிறார்கள்?

2023-ம் ஆண்டு நவம்பர் மாதம், இந்தியா உட்பட 28 நாடுகளும் ஐரோப்பிய யூனியனும் ஒரு அறிக்கையில் கையெழுத்துப் போட்டன. செயற்கை அறிவின் ஆபத்துகளைச் சேர்ந்து ஆராய்வது என்று ஒப்புக் கொண்டன. கூட்டம் நடந்த இடம் பிளெட்ச்லி பார்க்! குட்டும் டூரிங்கும் ரகசியச் செய்திகளை உடைத்த அதே இடம். அப்போதே, இத்தகைய எந்திரங்களைச் சோதித்துப் பார்க்க இங்கிலாந்து சர்க்கார் ஒரு நிலையத்தையும் ஏற்படுத்தியது. ஐரோப்பிய யூனியன் 2024-ல் இதற்காகச் சட்டமே கொண்டு வந்தது.

நல்ல ஆரம்பம்தான். ஆனாலும் ஒரு பெரிய குறை நிற்கிறது. எந்திரத்தைச் செய்கிற கம்பெனிகளே பெரும்பாலும் பரீட்சையும் வைக்கின்றன. மார்க்கும் அவையே வெளியிடுகின்றன. போன வருஷத்தை விட மார்க் கூடி விட்டது என்று விளம்பரம் செய்கின்றன. ஒரு கம்பெனி முந்தினால் இன்னொரு கம்பெனிக்குத் தூக்கம் வராது. இந்தப் போட்டியில், "நம் எந்திரம் உண்மையாக வளர்ந்ததா? அல்லது படியின் அடியைத் தட்டி உள்ளே தள்ளி விட்டதா?" என்று நின்று பார்க்க யாருக்கு நேரம் இருக்கிறது?

சந்தையில் அரிசி விற்கிறவர் கையிலேயே படிக்கு முத்திரை போடும் அதிகாரத்தையும் கொடுத்தால் ஜனங்கள் ஒப்புக் கொள்வார்களா? அதற்கென்று அதிகாரி இருக்கிறார். வருகிறார், படியையும் தராசையும் சோதிக்கிறார், முத்திரை போடுகிறார். ஒரு படி அரிசிக்கு இவ்வளவு காவல் இருக்கிறது. நாளைக்கு நோயாளியின் எக்ஸ்ரே படத்தைப் பார்த்துச் சொல்லவும், பாங்கிக் கடனுக்கு மனுப் போட்டவர்களில் யாருக்குக் கொடுக்கலாம் என்று சொல்லவும் வருகிற எந்திரத்துக்கு அதை விடக் குறைந்த காவல் போதும் என்பது சரி அல்ல.

எந்திரம் தன்னைத் திருத்திக் கொள்ளட்டும். அதனால் புதிய மருந்து கிடைக்கலாம். விவசாயிக்கு நல்ல விதை கிடைக்கலாம். ஆனால் அதைச் சோதிக்கும் பரீட்சை எந்திரத்தின் கைக்கு எட்டாத இடத்தில் இருக்க வேண்டும். பரீட்சை வைப்பவர் வேறு ஆளாக இருக்க வேண்டும். எந்திரம் அதிக விலைக்கு விற்றால் லாபம் அடைகிறவராக அவர் இருக்கக் கூடாது. எந்திரம் தன்னில் எதை மாற்றியது, எப்போது மாற்றியது என்ற கணக்கு வரி விடாமல் பதிவாக வேண்டும். கணக்கு குழப்பமாக இருந்தால் நிறுத்தி விடும் அதிகாரமும் வேண்டும். இவை எல்லாம் சர்க்கார்கள் செய்யக் கூடிய காரியங்கள். செய்யாமல் இருப்பதற்கு விஞ்ஞானம் காரணம் அல்ல.

இன்னும் ஒரு கஷ்டம் இருக்கிறது. சாமுவேலின் எந்திரத்தில் மதிப்புகள் விரல் விட்டு எண்ணக் கூடியவை. வீங்கிய மதிப்பு எது என்று அவர் கண்ணால் பார்த்தார், பூஜ்யம் ஆக்கினார். இன்றைய பெரிய எந்திரங்களில் அத்தகைய எண்கள் கோடிக்கணக்கில் இருக்கின்றன. அவற்றில் எதைப் பிடித்துப் பூஜ்யம் ஆக்குவது? எந்த எண் என்ன வேலை செய்கிறது என்பதைக் கண்டுபிடிக்கவே ஒரு தனி ஆராய்ச்சி நடந்து வருகிறது. அது இன்னும் பாதி வழிகூட வரவில்லை.

டோக்கியோ எந்திரத்தின் பொய் எப்படிப் பிடிபட்டது என்பதையும் சொல்ல வேண்டும். அந்த ஆராய்ச்சியாளர்கள் எந்திரத்தை வெளி உலகத்தோடு ஒட்டாமல் தனி அறையில் பூட்டி வைப்பது போல வைத்திருந்தார்கள். அது தன்னைத் திருத்திய ஒவ்வொரு தடவையும், பழைய வடிவத்தையும் புதிய வடிவத்தையும் பத்திரப்படுத்தினார்கள். எந்த வடிவம் எதில் இருந்து பிறந்தது என்று வம்சாவளி போல எழுதி வைத்தார்கள். மார்க் நன்றாக ஏறியும் அதோடு திருப்தி அடையாமல், அந்தக் கணக்கைப் புரட்டிப் பார்த்தார்கள். முத்திரை அழிந்து போன இடம் அதில் இருந்தது. அதைத் தங்கள் கட்டுரையில் மறைக்காமல் எழுதினார்கள்.